ஊர் நேர்ந்துகொண்ட முழங்கால்

எங்கள் ஊரான ஐன் லோஸில் யாரும் தன் உடம்பை வைத்து நேர்ந்துகொள்வதில்லை. முன்பு அப்படி ஒரு வழக்கம் இருந்தது. பையனுக்குக் கனடா விசா கிடைத்தால் மார் ஸாபா கோயிலுக்கு வெறுங்காலோடு ஏறி வருகிறேன் என்று வேண்டிக்கொள்வார்கள். விசா கிடைக்கும். அதற்குள் காலில் ஆணி வந்துவிடும், மழை வந்துவிடும், மறதி வந்துவிடும். மார் ஸாபா மலை உச்சியில் குடியிருக்கும் புனிதர். அவர் வாசலில் நின்று பார்த்தால் ஊரின் ஒவ்வொரு சமையலறையும் தெரியும். யார் ஏமாற்றினார்கள் என்று அவருக்குத் தெரியாதா என்ன? ஒரு வருடம் கோபத்தில் ஊரிலிருந்த அத்தனை கோழிகளையும் முட்டையிடாமல் செய்துவிட்டார். சேவல்கள்கூட அந்த வருடம் தலைகுனிந்தே நடந்தன. நானே பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் ஊர் ஒரு நல்ல வழியைக் கண்டுபிடித்தது. தங்களை நேர்ந்துகொள்வதை விட்டுவிட்டு, தக்லாவை நேர்ந்துகொள்ள ஆரம்பித்தார்கள்.

தக்லா எங்கள் ஊர்ப் பெண்கள் கூடைப்பந்து அணியில் ஆடுகிறவள். பொழுதுபோக்குக்கு அல்ல, சம்பளத்துக்கு, நாட்டின் முதல் பிரிவில். நான் அந்த அணியின் பஸ்ஸை ஓட்டுகிறவன். பெயர் அபு ஷாஹீன். ஷாஹீன் என் மகன், சிட்னியில் இருக்கிறான். அவனுக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமில்லை.

இந்தப் பழக்கத்தை ஆரம்பித்து வைத்தவர் ரயிஸ் ஜிரியஸ். கிளப்பின் தலைவர் என்பதால் ரயிஸ். கல்குவாரி வைத்திருப்பவர், வெடிச் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய குரல். நாங்கள் முதல் பிரிவுக்கு ஏறிய ஆட்டத்தில், கடைசி நொடியில் பந்து தக்லாவின் கையில் இருந்தது. ரயிஸ் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினார்:

"யா மார் ஸாபா! இது மட்டும் உள்ள போச்சுன்னா, நாளைக்கே தக்லா வெறுங்காலோட உங்கிட்ட ஏறி வருவா!"

உள்ளே போனது. ஏன் உங்களையே நேர்ந்துகொள்ளவில்லை என்று பிறகு கேட்டதற்கு, "எனக்கு மூச்சு வாங்கும் அபு ஷாஹீன், புனிதருக்கும் அது மரியாதையா இருக்காது" என்றார்.

மறுநாள் விடிந்ததும் தக்லா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மலையேறிவிட்டாள். திரும்பி வந்தவளிடம் கேட்டேன்.

"நீயா நேர்ந்துகிட்ட? அவர்தானே கத்தினார்?"

"என் பேரைச் சொல்லிட்டாரே அம்மோ" என்றாள். ஊரில் நரைத்த தலை உள்ள ஆண்கள் எல்லாரும் அவளுக்கு அம்மோதான், சித்தப்பா முறை.

அதோடு முடிந்தது அவள் நிம்மதி. தக்லாவை நேர்ந்தால் பலிக்கிறது, அவள் போயே தீருகிறாள் என்று ஊருக்குத் தெரிந்துபோயிற்று. பித்தப்பைக் கல்லுக்கு தக்லா, பரீட்சைக்கு தக்லா, ஆடு தொலைந்தால் தக்லா. வதீஹின் அம்மா என்பதால் உம்ம் வதீஹ் எனப்படும் புண்ணியவதி ஒருபடி மேலே போனாள். அவள் மகனுக்கு இரண்டு முறை விசா மறுத்துவிட்டார்கள். மூன்றாம் முறை, "தக்லா கடைசிப் படிக்கட்டு முழுக்க முட்டி போட்டே ஏறுவா" என்று வேண்டிக்கொண்டாள். விசா மட்டுமல்ல, விமானத்தில் ஜன்னல் சீட்டும் கிடைத்தது. அதற்குப் பிறகு வெறுங்கால் நேர்த்தியை யாரும் மதிக்கவில்லை. எல்லாரும் முட்டிதான்.

தக்லாவின் ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றால், சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. அதுதான் அவள் ஆட்டம். ஒவ்வொரு சீசனும் கிளப் வெளிநாட்டிலிருந்து ஓர் உயரமான பெண்ணைக் கூட்டி வரும். ஒருத்தி எவ்வளவு உயரம் என்றால், பஸ்ஸின் கூரைக் கதவைத் திறந்து தலையை வெளியே விட்டுக்கொண்டுதான் வருவாள். பெய்ரூட்டுக்கு இறங்கிப் போனால் காலில் கடற்கரை வெயில் அடிக்கும், தலையில் எங்கள் ஊர்ப் பனி மிச்சம் இருக்கும். அந்த மாதிரிப் பெண்கள் போடும் பந்து பேப்பரில் வரும். அவர்களுக்கு வழி கிடைப்பதற்காக எதிராளியின் நெஞ்சுக்கு நேராகப் போய் நின்று தக்லா வாங்கும் இடி எந்தப் பேப்பரிலும் வராது. கட்டுரையின் கடைசி வரியில் "தக்லாவும் ஆடினார்" என்று போடுவார்கள். இடம் பற்றாத நாளில் அந்த வரியும் போய்விடும்.

ஆனால் எதிராளி தவறு செய்ததற்குக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ போட அவள் கோட்டில் வந்து நின்றால் எங்கள் ஊர்க்காரர்கள் வளையத்தைப் பார்க்க மாட்டார்கள். அந்த நேரத்தில் சிகரெட் பற்றவைப்பார்கள், பக்கத்தில் இருப்பவனிடம் ஆலிவ் விலை கேட்பார்கள். தினமும் காலையில் தனியாகப் போய்ப் போட்டுப் பழகுவாள்: பந்தை மூன்று முறை தட்டுவாள், ஒரு மூச்சு விடுவாள், வலை 'ஸ்ஸ்' என்னும். பக்கத்தில் அடுப்பு வைத்திருக்கும் நஸ்ரி அந்தச் சத்தத்தை வைத்துத்தான் ரொட்டியைத் திருப்புவான். ஒருமுறை அவளுக்குக் காய்ச்சல் வந்து ஊரே கருகிய ரொட்டி தின்றது. இன்னொரு முறை அவள் பந்தை விட்ட நொடியில் நிலம் நடுங்கி, வளையம் ஒரு சாண் நகர்ந்துவிட்டது. பந்தும் ஒரு சாண் நகர்ந்துதான் போனது.

அவளுக்கு ஒரு மாப்பிள்ளையும் வந்தான், பிரேசிலிலிருந்து. "சீசன் முடியட்டும்" என்றாள். சீசன் முடிந்தது, அரையிறுதி வந்தது. அது முடிந்தது, அரபுக் கிளப் போட்டி வந்தது. அவன் இப்போது சாவோ பாவ்லோவில் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு மூன்று பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறான். எங்கள் ஆட்டத்தை இன்னும் கம்ப்யூட்டரில் பார்க்கிறான் என்று கேள்வி. தோற்றால் வருத்தப்படுகிறானாம்.

இப்படி ஆண்டெல்லாம் இடி வாங்கி, ஞாயிறெல்லாம் முட்டி போட்டு ஏறி, முப்பத்தைந்து வயதில் ஒரு நாள் அவளுடைய வலது முழங்கால் மடங்க மறுத்தது. நான்தான் பெய்ரூட்டுக்கு அழைத்துப் போனேன். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இது யாரோட முழங்கால்?"

"என்னோடதுதான் டாக்டர்."

"உங்களுக்கு முப்பத்தஞ்சு. இதுக்கு எண்பது. நடுவுல இது மட்டும் எங்க போய் வாழ்ந்துட்டு வந்துச்சு?"

"மார் ஸாபா கோயிலுக்கு" என்றேன் நான்.

டாக்டர் என்னை வெளியே உட்காரச் சொன்னார். நான் போகவில்லை.

"இங்க பாருங்க, இந்தக் கோடையிலேயே ஆபரேஷன் பண்ணிட்டா மத்தவங்க மாதிரி நடப்பீங்க. கிழவி ஆனாலும் கம்பு வேண்டாம். இல்ல, இன்னொரு சீசன் ஆடிட்டுத்தான் வருவேன்னா, எங்கிட்ட வராதீங்க. நேரா ஒரு தச்சன்கிட்ட போங்க. மரத்துல ஏதாவது பண்ணித் தருவான்."

தக்லா தலையாட்டினாள். கதவு வரை வந்து வழியனுப்பிய டாக்டர் என் தோளைத் தொட்டு மெல்லக் கேட்டார்: "அது சரி, ஞாயித்துக்கிழமை ஆட்டத்துக்கு இவங்களுக்குப் பதிலா யாரு இருக்காங்க?"

யாரும் இல்லை. அந்த வருடத்து வெளிநாட்டுக்காரி ஜனவரிப் பனியைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிட்டாள். தோற்றுத் தோற்று நாங்கள் பட்டியலின் அடிக்கு வந்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை கடற்கரைப் பட்டணத்து அணியோடு கடைசி ஆட்டம்; கடற்கரைக்காரிகள் என்போம் அவர்களை. ஜெயித்தால் முதல் பிரிவில் தங்கலாம். தோற்றால் கீழே.

திரும்பும் வழியில் தக்லா எனக்குப் பின்னால் உள்ள முதல் சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கடற்கரைச் சாலையில் நெரிசல். ஜனங்கள் சோளம் கடித்துக்கொண்டு நடந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

"அம்மோ, ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது."

"நான் சிரிச்சு நீ பாத்திருக்கியா?"

"இவங்க மாதிரி நடக்கணும் எனக்கு. எங்கயும் போறதுக்கில்ல. யாருக்காகவும் இல்ல. சும்மா, மணி பாக்காம, நொண்டாம. ஒரு நாள் முழுக்க."

"அதுக்கென்ன, நட."

"அப்ப நிறுத்திடறேன் அம்மோ. ஞாயித்துக்கிழமையோட சரி."

நான் ஹாரன் அடித்தேன். எனக்கு சந்தோஷம் வந்தால் அப்படித்தான். முன்னால் இருந்த வண்டிக்காரன் இறங்கி வந்து என் அம்மாவைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனான்.

ரயிஸ் நல்ல மனுஷன். தக்லா விஷயத்தைச் சொன்னதும் அழுதார். கோச் மிலாத் ஆறுதல் சொல்ல வந்து அவரும் அழுதார். இருவருக்கும் தக்லாதான் காபி போட்டுக் கொடுத்தாள். "உன்ன சும்மா அனுப்ப மாட்டோம், வெள்ளிக்கிழமை ஊருக்கே விருந்து" என்றார் ரயிஸ்.

வெள்ளிக்கிழமை கோயில் மண்டபத்தில் மேசை போட்டார்கள். கிப்பே, தபூலே, ஆடு, அரக். 'போய் வா தக்லா' என்று எழுதிய ஒரு கேக், கட்டில் அகலத்துக்கு. உம்ம் வதீஹ் அவள் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தாள். நஸ்ரி தன் பங்குக்கு ஒரு பாட்டுப் பாடினான், அதில் தக்லாவின் பெயர் மட்டும்தான் விளங்கியது. பிறகு ரயிஸ் எழுந்தார். நல்ல பேச்சு. பதினான்கு வயதில் தக்லா அண்ணனின் ஷூவைப் போட்டுக்கொண்டு பயிற்சிக்கு வந்ததைச் சொன்னார். இடி வாங்கியதைச் சொன்னார். "நம்ம ஊருக்கு இவ செஞ்சதுக்கு நாம என்ன செய்யப் போறோம்?" என்று கேட்டார். கண்ணில் நீர் வந்தது. அந்த உணர்ச்சியில் மனுஷன் கைகள் இரண்டையும் மலையுச்சியின் பக்கம் தூக்கி, பழக்க தோஷத்தில், வெடிக் குரலில் கத்திவிட்டார்:

"யா மார் ஸாபா! ஞாயித்துக்கிழமை எங்கள ஜெயிக்க வச்சிடு, தக்லா இன்னும் ஒரு சீசன் ஆடுவா!"

"ஆமென்!" என்றது ஊர். அதுவும் பழக்கம்தான். பெண்கள் குலவையிட்டார்கள். பாதிரியார் அபூனா யுவாகிம் வாயில் கிப்பேயோடு சிலுவை போட்டு ஆசீர்வதித்துவிட்டார்.

ரயிஸ் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். "நான் என்ன சொன்னேன்?" என்று பக்கத்தில் இருந்தவனைக் கேட்டார். அவன் சொன்னான். ரயிஸ் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் மனைவி கத்தியை எடுத்து வந்து, கேக்கின் மேலிருந்த 'போய் வா'வை மெல்ல வழித்து எடுத்தாள். அதற்குப் பிறகு 'தக்லா' மட்டும் இருந்தது. ஆளுக்கொரு துண்டு தின்றோம்.

சனிக்கிழமை முழுக்க நான் அந்த முடிச்சை அவிழ்க்க அலைந்தேன். முதலில் அபூனாவிடம் போனேன்.

"நேர்ந்தவர் யாரோ அவர்தான் அவிழ்க்கணும், அபு ஷாஹீன். எனக்கு அதிகாரம் இல்ல."

ரயிஸிடம் போனேன். ராத்திரி தூங்காத முகம்.

"நான் மட்டுமா? ஊரே ஆமென் போட்டுச்சே. ஊர் சரின்னா நான் இப்பவே மலையேறி மன்னிப்புக் கேக்கறேன். மூச்சு வாங்கினாலும் சரி."

ஊரிடம் போனேன். ஊர் என்றால் நஸ்ரியின் கடை வாசல்.

"அவிழ்த்துடலாம், பாவம் அந்தப் பொண்ணு" என்றான் நஸ்ரி. "ஆனா ஒண்ணு, என் பொண்ணு பரீட்சைக்கு அவளத்தான் நேர்ந்து வச்சிருக்கேன். ரிசல்ட் வரட்டும். ஒரு நேர்த்திய மீறினா எல்லாத்தையும் மீறின மாதிரி ஆயிடுமே."

"என் பேத்தி கனடாவுல விசா நீட்டிக்க மனு போட்டிருக்கா" என்றாள் உம்ம் வதீஹ். "அதுவரைக்கும் புனிதர சீண்டாத, கண்ணு."

"அவ முட்டி போயிடும்னு டாக்டர் சொல்றாரு!"

"டாக்டர் ஆயிரம் சொல்வாரு. தக்லா தாங்குவா."

திரும்ப அபூனாவிடம் போனேன். அவர் என்னைக் கூட்டிப்போய் கோயிலின் ஒழுகும் கூரையைக் காட்டினார். யாரை நேர்ந்திருக்கிறார் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

கடைசியாக தக்லாவின் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா உம்ம் ஃபாரிஸ் முற்றத்தில் உட்கார்ந்து, உள்ளே அரிசி அடைப்பதற்காகச் சுரைப்பிஞ்சு குடைந்துகொண்டிருந்தாள்.

"நீயாவது சொல்லேன், உம்ம் ஃபாரிஸ். பெத்தவ நீ."

"நான் எப்படி சொல்றது? இவ அண்ணன் ஃபாரிஸுக்கு ஆப்பிரிக்காவுல, அபிஜான்ல கடை நல்லா நடக்கணும்னு நானே அவள நேர்ந்திருக்கேனே." அவள் அழுதாள். அழுதுகொண்டே குடைந்தாள். "சின்னதுலேர்ந்தே அப்படித்தான் அவ. வேணாம்னு ஒரு வார்த்தை வராது. அதனாலதான் எல்லாரும் கேக்கறோம்."

தக்லா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பஸ் வரை நொண்டிக்கொண்டு வந்து வழியனுப்பினாள்.

"விடுங்க அம்மோ. ஜெயிச்சாதானே?"

எனக்குச் சட்டென்று புரியவில்லை.

"ஜெயிச்சாதான் இன்னொரு சீசன். அவர் அப்படித்தானே நேர்ந்தார்? தோத்துட்டா யாரும் எதையும் மீறினதா ஆகாது. புனிதருக்கும் கோவம் இல்ல, ஊருக்கும் கோவம் இல்ல." குரலைத் தணித்தாள். "நான் தப்பா ஆடப் போறேன்."

"உனக்குத் தெரியுமா அதெல்லாம்?"

"எவ்வளவோ பேர் ஆடிப் பாத்திருக்கேனே. கத்துக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை அரங்கம் நிரம்பி, ஜன்னல் கம்பிகளிலும் ஆட்கள் தொங்கினார்கள். நான் எங்கள் பெஞ்சுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். தக்லா சொன்னபடியே தப்பாக ஆட ஆரம்பித்தாள். எனக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரிந்தது. வேண்டுமென்றே எதிராளியிடம் பந்தை வீசினாள்; அது அவள் முழங்கையில் பட்டு எங்கள் பெண்ணின் கைக்கே வந்தது. வேண்டுமென்றே மெதுவாக ஓடினாள். பின்னால் வந்தவள் அவள் மேல் மோதி விழுந்து ஃபவுல் வாங்கினாள். வழியை விட்டு விலகி நிற்போம் என்று ஓரமாகப் போய் நின்றாள். கடற்கரைக்காரிகள் இதில் ஏதோ தந்திரம் இருக்கிறது என்று பயந்து இரண்டு பேரை அவள் பக்கம் அனுப்பினார்கள், நடுவில் வழி திறந்துவிட்டது. கோச் மிலாத் நெஞ்சில் கைவைத்து, "இப்படி ஒரு புத்திசாலித்தனத்த இத்தன வருஷம் எங்க ஒளிச்சு வச்சிருந்தா?" என்றார்.

அப்படியிருந்தும் ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். ஆட்டம் முடியப்போகிறது. நான் அந்த ஒரு புள்ளியை என் பேரப்பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு கடற்கரைக்காரி, கெட்டிக்காரப் பெண், பாவம், அவசரப்பட்டு தக்லாவின் கையில் அடித்துவிட்டாள். நடுவர் விசில் ஊதினார். தக்லாவுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. கடிகாரத்தில் நேரம் இல்லை.

எங்கள் ஊர்க்காரர்கள் சிகரெட் பற்றவைத்தார்கள்.

முதல் பந்து எப்படிப் போயிற்று என்று அவளுக்கே தெரியாது. நடுவர் பந்தைக் கொடுத்தார், கை மூன்று முறை தட்டியது, ஒரு மூச்சு, 'ஸ்ஸ்'. அவள் திடுக்கிட்டுத் தன் கையைப் பார்த்தாள், வேறு யாருடைய கையோ என்பதுபோல. சமன். அடுத்தது தவறினால் கூடுதல் நேரம் ஆட வேண்டும், அதில் தோற்றுவிடலாம்.

இரண்டாவது பந்தை அவள் தட்டவில்லை. வெகுநேரம் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். சுவரைப் பார்த்து எறிவது போலக் கையை ஓங்கினாள். அந்த நேரம் பார்த்துக் கரண்டு போயிற்று. எங்கள் நாட்டில் கரண்டு அப்படித்தான், ஆட்டம் பார்க்க வருவதுபோல வந்து போகும். அரங்கம் கன்னங்கரேல் என்று ஆனது. ஜெனரேட்டர் இருமிக்கொண்டு எழுந்து விளக்கு வந்தபோது, பந்து வலைக்குக் கீழே துள்ளிக்கொண்டிருந்தது.

"உள்ள போச்சு! நாங்க பாத்தோம்!" என்றது ஊர், ஒரே குரலில்.

"இருட்டுல எதப் பாத்தீங்க?" என்றார் நடுவர்.

"தக்லா போட்டா பாக்கணுமா?"

நடுவர் நியாயமான மனுஷன், வடக்கே வேறு ஊர்க்காரர். "செல்லாது. திரும்பப் போடணும்" என்றார். நான் மட்டும் கைதட்டினேன். ரயிஸ் என்னை முறைத்தார்.

தக்லாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. இன்னொரு வாய்ப்பு. பந்தை இடது கைக்கு மாற்றினாள். வாழ்நாளில் அவள் இடது கையால் பந்து போட்டதில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டாள். முழங்கால் மடங்காததால் ஒரு பக்கமாகச் சாய்ந்து, குப்பை எறிவதுபோல எறிந்தாள். பந்து பலகையின் மூலையில் பட்டது. கடற்கரைக்காரிகள் கையைத் தூக்கிவிட்டார்கள். பந்து மேலே போயிற்று, விட்டத்தைத் தொட்டது, இறங்கி வந்து வளையத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு யோசித்தது. நான் சொல்வதை நம்ப வேண்டாம், அன்று வந்தவர்களைக் கேளுங்கள். எவ்வளவு நேரம் யோசித்தது என்றால், நஸ்ரி வெளியே போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்து, "இன்னும் விழலையா?" என்று கேட்டான்.

விழுந்தது. உள்ளே.

அரிசி எறிந்தார்கள். வாணம் விட்டார்கள். குலவைச் சத்தத்தில் ஒரு ஜன்னல் கண்ணாடி விரிசல் விட்டது. தக்லா கோட்டிலேயே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். ரயிஸ் அவளைக் கட்டிக்கொண்டு, "அழு மகளே, அழு, ஆனந்தக் கண்ணீர் இது" என்றார். அவரும் அழுதார். அவர் அழுதது எதற்கென்று எனக்கு இன்றுவரை நிச்சயமாகத் தெரியாது.

அன்று அவளைத் தனியாக வீட்டில் கொண்டு விட்டேன்.

"நான் தப்பாத்தான் போட்டேன் அம்மோ."

"பாத்தேன்."

"ஒரு தடவ. வாழ்க்கையில ஒரே ஒரு தடவ தப்பா போடணும்னு பாத்தேன். அது கூட வரல."

ஹாரன் மேல் கை வைத்தேன். அடிக்கவில்லை.

கோடை வந்தது. டாக்டர் சொன்ன கோடை. ஆபரேஷன் செய்தால் சீசனுக்குள் ஆற முடியாது என்பதால் செய்யவில்லை. எண்ணெய் தடவினார்கள், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார்கள், உம்ம் வதீஹ் எங்கிருந்தோ ஒரு கரடிக் கொழுப்பு கொண்டு வந்தாள். நஸ்ரியின் மகள் பரீட்சையில் பாஸ் செய்தாள்.

செப்டம்பரில் பயிற்சி தொடங்குவதற்கு முந்தின நாள், நான் பஸ்ஸின் பாட்டரியைக் கழற்றி எடுத்துப்போய் என் தோட்டத்து அத்தி மரத்தடியில் புதைத்துவிட்டேன். பஸ் இல்லாமல் பயிற்சிக்கு எப்படிப் போவாள்? ஒரு வாரம் தள்ளும். ஒரு வாரத்தில் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். கிளப்பே கலைந்து போகலாம், போர்கூட வரலாம். எங்கள் நாட்டில் அதற்கெல்லாம் ஒரு வாரம் தாராளம்.

"பாட்டரியக் காணோம்" என்று ரயிஸிடம் சொன்னேன். "புதுசு பெய்ரூட்டுலேர்ந்து வரணும். ஒரு வாரம் ஆகும்."

"எவன்டா அவன், தக்லா பஸ்லயே கைவச்சவன்!" என்று கர்ஜித்தார் ரயிஸ். அந்தக் கர்ஜனையில் ஊரே தெருவுக்கு வந்துவிட்டது. விஷயம் தெரிந்ததும் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. நஸ்ரி மாவுக் கையோடு வந்தான். அபூனா அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டார். கோச் மிலாத், உம்ம் வதீஹ், யாரோ ஒருவன் தர்புக்கா மேளத்தோடு. என்னை ஸ்டியரிங்கில் உட்காரவைத்துவிட்டு எல்லாருமாகப் பின்னால் போய்த் தள்ளினார்கள். தக்லாவின் வீடு ஊரின் மேல் கோடியில் இருக்கிறது, செங்குத்தான ஏற்றம். நான் பிரேக்கை மிதித்தேன். "வண்டி கனமா இருக்கு, நல்லா கை குடுங்க!" என்று ரயிஸ் கத்தினார். மேளம் வேகமாயிற்று. பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்தேன். அவர்கள் இரண்டு பங்காகத் தள்ளினார்கள். பாடிக்கொண்டே தள்ளினார்கள். கெட்ட எண்ணம் இல்லாத ஜனங்கள், அந்தப் பலத்தை என்ன செய்ய முடியும்?

தக்லா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். முழங்காலில் கட்டு.

"லேட்டாயிடுச்சே அம்மோ."

"பிரேக் போட்டுத்தான் பாத்தேன்."

"தெரியும். ரப்பர் கருகின வாசனை இங்க வரைக்கும் வந்துச்சு."

கதவைத் திறந்தேன். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வலது கால் படியேறவில்லை. இன்னொரு முறை முயன்றாள். பிறகு குனிந்து, இரண்டு கையாலும் அந்தக் காலைத் தூக்கி, கடையில் மூட்டையை எடுத்து வைப்பதுபோலப் படியில் வைத்தாள். பின்னால் மேளம் நின்றது. மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்த ஊர் அதைப் பார்த்தது. நஸ்ரி மட்டும் மெதுவாக, "தாங்குவா" என்றான்.

அவள் எனக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

"யல்லா அம்மோ, போலாம்" என்றாள்.

பாட்டரி இல்லாததைப் பற்றி அதற்குமேல் யாரும் கவலைப்படவில்லை. அங்கிருந்து அரங்கம் வரை இறக்கம்தான். பின்னாலிருந்து லேசாக ஒரு தள்ளு தள்ளினார்கள், பஸ் தானே உருள ஆரம்பித்தது. மிதித்து மிதித்துப் பிரேக் ஏற்கெனவே தேய்ந்து போயிருந்தது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.